பத்து நாளில் தீர்ந்த பல்பொடி

ஒன்பது. இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஒன்பது, அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்று, மூன்றாவது ஆளாகப் பேச வேண்டியிருந்தால் இந்நேரம் நெஞ்சு வெடித்தே போயிருக்கும், நல்ல வேளை, அந்த மேடம் தன் வலது கைப்பக்கமிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று சொல்லிவிட்டாள், அப்படியானால் எட்டுப் பேர் பேசி முடிக்கும்வரை உயிருக்குச் சேதமில்லை என்று பிரம்மசக்தி மறுபடியும் நாற்காலிகளை எண்ணினாள். பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி, வட்டமாய்ப் போட்டது, நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் மேடத்தின் செல்போன், பேசுவதெல்லாம் அதற்குள் போய்ப் பதிந்துவிடுமாம். தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, சாப்பாட்டுக்கூடம், நேற்று முகூர்த்தம் நடந்திருக்க வேண்டும், தரையைக் கழுவிவிட்ட பிறகும் சாம்பார் வாசனை சுவரோடு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது, அதுவும் வெள்ளைப்பூண்டு போட்ட சாம்பார், சாம்பாரில் வெள்ளைப்பூண்டு போடுகிறவர்களைப் பற்றி பிரம்மசக்திக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, ஆனால் யாரும் கேட்டதில்லை. மடியில் மூன்று வயசு மகள் தன்ஷிகா வாயைப் பிளந்து தூங்குகிறாள், இடது கால் தொடைக்குக் கீழே மரத்துப்போய் யாரோ ஒருத்தியின் கால் மாதிரிக் கிடக்கிறது, எழுந்து ஓடலாம் என்றால்கூட ஒரு கால்தான் கூட வரும். பக்கத்தில் எட்டாவது நாற்காலியில் மாமியார் சண்முகக்கனி, புதுச் சேலை, முழங்கால்மேல் இரண்டு கையும், வாயில் வெற்றிலை இல்லாத குறை ஒன்றுதான். இவள்தான் இழுத்து வந்தது. சோப்பு, பேஸ்ட், சேமியா, ஊறுகாய் எல்லாம் செய்கிற பெரிய கம்பெனியாம், பொம்பளைகள் வந்து மனசில் உள்ளதைச் சொன்னால் ஆளுக்கு ஒரு வாளி, மூடியோடு. "ஏட்டி, வீட்டுக்கு ஒண்ணுன்னு சொல்லல, ஆளுக்கு ஒண்ணுன்னுதான் சொன்னாவ. நீயும் கெளம்பு. வாயைத் திறக்காட்டியும் ஆளு ஆளுதானே." அப்படித்தான் வந்தது. வந்து உட்கார்ந்த பிறகு மேடம் சொல்கிறாள், எல்லாரும் பேசினால்தான் வாளியாம்.

பேரைக் கேட்டால் யாரும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார்கள், பிரம்மசக்தி, அப்பா ஏதோ வேண்டுதலில் வைத்தது, பேர் வந்த வேகத்துக்குக் குரல் வந்து சேரவில்லை, எட்டாங்கிளாஸ்வரை பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுகூடப் பக்கத்துப் பிள்ளைதான். "வெட்கப்படாம சொல்லுங்க சிஸ்டர்ஸ், இதுல ரைட் ஆன்சர், ராங் ஆன்சர்னு எதுவும் கிடையாது" என்று மேடம் சிரிக்கிறாள், கழுத்தில் அட்டை தொங்குகிறது, நிவேதிதா என்று எழுதியிருக்கிறது, தன் வயசுதான் இருக்கும். தப்பான பதிலே கிடையாது என்று அறிவியல் வாத்தியாரும் இப்படித்தான் சொன்னார், அதை நம்பி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கை தூக்கி, திமிங்கிலம் மீன்தான் என்று சொல்லி, வருஷம் முழுக்கத் திமிங்கிலம் என்று பேர் வாங்கியாயிற்று, உடம்போ அப்போது துடைப்பக்குச்சி. பெண் பார்க்க வந்தபோது என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்டார்கள், என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. சொதி வைக்கத் தெரியுமா என்று இந்த அத்தைதான் கேட்டாள். தெரியும் என்றாள். பிடிக்குமா என்று கேட்டிருந்தால்? தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதக்க விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, அதை ஊரே சாமி பிரசாதம் மாதிரிக் கண்ணில் ஒற்றுகிறது, பிரம்மசக்திக்கு அது காய்ச்சல்காரருக்காக ஆரம்பித்து நடுவில் மனசு மாறிய குழம்பு. இதை வெளியே சொன்னால் திருநெல்வேலி ஜில்லாவிலும் இருக்க முடியாது, தென்காசி ஜில்லாவிலும் இருக்க முடியாது. கூட வைக்கிற இஞ்சித் துவையல் இருக்கிறதே, அதற்காக வேண்டுமானால் சொதியை மன்னிக்கலாம்.

முதலில் கையில் ஆளுக்கு ஒரு காகிதக் கிண்ணம் கொடுத்தார்கள், வெந்நீர் ஊற்றினால் மூன்று நிமிஷத்தில் ஆகிற உப்புமா, கம்பெனி புதிதாய்ச் செய்திருக்கிறது, தின்றுவிட்டுச் சொல்ல வேண்டும். எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்கு என்று தலையாட்டினார்கள். பிரம்மசக்தியும் ஆட்டினாள். நன்றாக இல்லை. உப்புமாவை உலகமே ஏசுகிறது, பாவம் அது என்ன செய்யும், ரவையில் குற்றமில்லை, வைக்கிறவளின் அவசரத்தில்தான் குற்றம், வேறொன்றும் இல்லாதபோதுதான் உப்புமா என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிண்டினால் அதற்கும் தெரியாதா, சம்பா ரவையை நெய்யில் வாசம் வர வறுத்து, சின்ன வெங்காயத்தை அரைப்பதமாய் வதக்கி, தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கரண்டி தேங்காய்ப்பால், கடைசியில் அடியில் லேசாய்ப் பிடிக்கவிட்டு அந்தக் காந்தலைச் சுரண்டித் தின்றால், அதற்காக ஒருத்தி புருஷனோடு சண்டை போடலாம். மூன்று நிமிஷ உப்புமாவில் காந்தல் எங்கிருந்து வரும். ரொட்டி இன்னொரு அநியாயம், காய்ச்சல் வந்தால் ரொட்டி, ஆஸ்பத்திரியில் ரொட்டி, கெட்ட சேதியை நினைக்காமல் ரொட்டி தின்ன முடியுமா. இட்லியைச் சூடாகத் தின்கிறவர்கள் அவசரக்காரர்கள், ஆறின இட்லியில் நல்லெண்ணெய் விட்டு ஜீனி தொட்டுத் தின்ன வேண்டும், அதையும் யாரும் பார்க்காதபோது தின்ன வேண்டும். யாரும் பார்க்காதபோது. நினைப்பு சறுக்கிச் சறுக்கி எங்கே போய் நிற்கிறது பார், வேண்டாம், அங்கே போகாதே.

"ரெடியா? கேள்வி இதுதான். எங்க கம்பெனி முன்னாடி செஞ்சு, இப்போ நிறுத்திட்ட பொருள்ல, உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? ஏன் பிடிச்சுது? நிறையப் பேர் கேட்டா திரும்பக் கொண்டு வரலாம்னு இருக்கோம்" என்றாள் மேடம்.

அங்கேயேதான் கொண்டுபோய் விட்டாள். நிறுத்திவிட்ட பொருள் என்றதும் பிரம்மசக்தியின் நாக்கு முந்திக்கொண்டு ஊறியது, நாக்குக்கு என்ன வெட்கம், குங்குமக்கிளி பல்பொடி, தகர டப்பா, மேலே ஒரு கிளி பூவைக் கவ்விக்கொண்டு நிற்கும், மூடியைத் திருகினால் ஓட்டையும் ஓட்டையும் சேரும், தட்டினால் உள்ளங்கையில் ரோஸ் நிறத்தில் மெத்தென்று விழும். பல்பொடி. பல் தேய்க்கிறது. ஊர் உலகம் எல்லாம் அதால் பல்தான் தேய்த்தது. பிரம்மசக்தி தின்றாள். சின்ன வயசில் விரலில் ஒட்டியதை நக்கியதெல்லாம் கணக்கில்லை, எந்தப் பிள்ளைதான் நக்கவில்லை, தன்ஷிகா வயிற்றில் இருந்தபோதுதான் வினையே, சோற்றைக் கண்டால் குமட்டியது, குழம்பு கொதித்தால் குமட்டியது, மசக்கைக்குச் சில பேர் சாம்பல் தின்பார்கள், சில பேர் சிலேட்டுக்குச்சி, ஊரில் ஒருத்தி சுவரைச் சுரண்டியே ஜன்னல் வைத்தாள் என்பார்கள், பிரம்மசக்திக்குக் குங்குமக்கிளி. மத்தியானம் அத்தை கண்ணசந்த நேரம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு தட்டு. அப்புறம் இரண்டு தட்டு. டப்பா இரண்டு மாசம் வர வேண்டியது, பத்து நாளில் கவிழ்த்தால் கிளி மட்டும்தான் மிச்சம்.

சண்முகக்கனிக்கு எதிலும் கணக்கு உண்டு. வீட்டில் மூன்று பேர், மூன்று வாய், பத்து நாளில் டப்பா காலி, மருமகளோ சோறே இறங்காத பிள்ளைத்தாச்சி, மகனோ லோடு ஆட்டோ ஓட்டப் போகிற அவசரத்தில் பல் தேய்க்கிறானா என்பதே சந்தேகம், அப்படியானால் குற்றவாளி யார், கடைக்காரன். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கிற தங்கபாண்டி அண்ணாச்சி. காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் எட்டுப் பேர் சாமான் வாங்குகிற நேரத்தில் நடுக்கடையில் வைத்தாள். "அண்ணாச்சி, டப்பாக்குள்ள பொடி வச்சு விக்கியளா, காத்து வச்சு விக்கியளா?" "யம்மா, கம்பெனியில இருந்து சீல் வச்சு வருது, நானா அடைக்கேன்?" "சீலுதான் திருகுனா திறக்குதே!" "திறக்கத்தாம்மா டப்பா!" "அப்ப நீரு திறந்து பாத்திருக்கீரு!" அந்த நியாயத்துக்கு வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. பின்னால் ஏழு மாச வயிற்றோடு நின்ற பிரம்மசக்தியின் வாயில் அப்போதும் கொஞ்சம் கரைந்துகொண்டிருந்தது. அன்றோடு அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று அத்தை சபதம் போட்டாள், கடைக்கு முன்னால்கூட நடக்கமாட்டாளாம், உப்புக்கும் புளிக்கும் இரண்டு தெரு சுற்றி மேலத்தெருக் கடைக்கு நடை, நாலு வருஷமாய் நடை. அண்ணாச்சியோ தன்ஷிகாவைப் பால்வாடிக்குக் கூட்டிப்போகும்போது கூப்பிட்டு ஒரு கடலைமிட்டாய் கொடுப்பார். "அத்தைகிட்ட சொல்லாதம்மா, பிள்ளைக்கு என்ன கோவம்." பிள்ளைக்கு இனிக்கும், அம்மாவுக்குத் தொண்டையில் இறங்காது. சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பாள். பல் தேய்த்து வாய் கொப்பளித்ததும் அந்த நினைப்பும் சேர்ந்து வெளியே போய்விடும். இன்றைக்கு ஒரே வேண்டுதல்தான், அத்தை வாயில் அந்தப் பல்பொடி வரக் கூடாது, வேறு எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், சோப்பைச் சொல்லட்டும், ஊறுகாயைச் சொல்லட்டும்.

முதல் நாற்காலி ஆரோக்கியமேரி டீச்சர், தன்ஷிகாவின் பால்வாடி டீச்சர்தான், எழுந்து நின்று கைகட்டிக்கொண்டு வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலக்கட்டியைப் பற்றிச் சொன்னாள், சொட்டு நீலம் வந்து எல்லாம் திட்டுத்திட்டாய்ப் போயிற்றாம், கட்டி நீலத்தில் இருந்த கட்டுப்பாடு சொட்டில் இல்லையாம். மேடம் உட்கார்ந்தே பேசலாம் என்றாள், நின்றால்தான் எனக்கு வரும் என்றாள் டீச்சர். பிரம்மசக்தி தனக்கு ஒரு பதில் தயார் செய்ய வேண்டும், அதுதான் இப்போது வேலை, ஒரே வரி, சொல்லிவிட்டு வாளியை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். சேமியா. மஞ்சள் காகிதத்தில் சுற்றி நீளநீளமாய் வரும், இப்போது வருவதெல்லாம் ஒடிந்தது, ஒடிந்த சேமியாவில் பாயசம் வைத்தால் அரிசி மாதிரி நிற்கிறது, நீளச் சேமியாதான் உதட்டில் தொங்கி உறிஞ்ச வரும். நீளச் சேமியா பிடிக்கும், உறிஞ்சலாம். நல்ல வரி. மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள், நீளச் சேமியா பிடிக்கும் உறிஞ்சலாம், நீளச் சேமியா பிடிக்கும் உறிஞ்சலாம், மூன்றாவது நாற்காலியில் இருந்த ரஹ்மத் அக்கா தொண்டையைக் கனைத்தாள். "எனக்கு அந்த நீட்டுச் சேமியாதான் மேடம். நோன்புப் பெருநாளைக்கு அது இல்லாம ஒரு வீட்டுல பெருநாளே வராது. இப்ப வாரது என்ன, சீப்புல உதிர்ந்த முடி மாதிரி!" எல்லாரும் சிரித்தார்கள். போயிற்று சேமியா. உதிர்ந்த முடி என்பது தனக்குத் தோன்றவில்லையே என்று ஒரு பொறாமை வேறு வந்தது, பயத்துக்கு நடுவில் பொறாமைக்கு இடம் எங்கே இருக்கிறதோ.

பரவாயில்லை, சோப்பு இருக்கிறது. பச்சை நிறத் துணிச் சோப்பு, கம்பி மாதிரி நீளமாய் வரும், கடையில் நூலால் அறுத்துக் கொடுப்பார்கள், நுரை கம்மி, ஆனால் காலர் அழுக்கு பேசாமல் போகும், இப்போது வருகிற சோப்பெல்லாம் நுரையைக் காட்டி ஏமாற்றுகிறது, நுரையா துணி துவைக்கிறது. நுரையா துணி துவைக்கிறது. இதுவும் நல்ல வரி, இதில் கொஞ்சம் தைரியம்கூட இருக்கிறது. நாலாவது நாற்காலி ஊறுகாய், ஐந்தாவது நாற்காலி முகத்துக்குப் போடுகிற ஸ்நோ, கண்ணாடிப் புட்டியில் வந்ததாம், ஸ்நோ தீர்ந்த பிறகு புட்டியில் ஏலக்காய் போட்டு வைத்ததாம், ஏலக்காய் பாயசத்தில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டு வாசனை வந்ததாம். ஆறாவது நாற்காலி ஒரு ஒல்லிப் பெண், இதுவரை தலையே நிமிரவில்லை, நம்மளை மாதிரி ஒருத்தி என்று பிரம்மசக்தி கொஞ்சம் பாசத்தோடு பார்த்தாள், அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமலே, "பச்சைச் சோப்பு. நுரையா துணி துவைக்குது" என்றாள். பாசம் அந்த இடத்திலேயே வற்றியது. மனசில் நினைத்தது இந்தச் செல்போன் வழியாக வெளியே போகிறதோ என்று ஒரு கணம் ஸ்டூலைப் பார்த்தாள். தன்ஷிகா தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள், இவளுக்கும் அந்த ருசி ஞாபகமிருக்கும், ரத்தத்தில் போனதல்லவா, பிறந்தபோது பிள்ளை என்ன இப்படி ரோஸாய் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும் பிரம்மசக்திக்குப் பிரசவ வலி போய்ப் பயம் வந்தது. ஏழாவது நாற்காலி என்ன சொன்னது என்று காதில் விழவில்லை. சரி, அத்தை சொன்னதுதான் எனக்கும் என்று சொல்லிவிடலாம், கல்யாணமாகி ஐந்து வருஷமாய் அதுதானே பதில், கத்திரிக்காயா வெண்டைக்காயா என்றால் அத்தை சொன்னதுதான், பிள்ளைக்கு என்ன பேர் என்றால் அத்தை சொன்னதுதான். அத்தை என்ன சொல்கிறாளோ அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளலாம்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று மேடம் எட்டாவது நாற்காலிக்குத் திரும்பினாள்.

"நான் பிடிச்சதைச் சொல்ல வரல. பிடிக்காததைச் சொல்ல வந்திருக்கேன்" என்றாள் சண்முகக்கனி. இதற்கென்றே நாலு வருஷம் காத்திருந்தவள்போல் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "குங்குமக்கிளி பல்பொடின்னு ஒண்ணு வித்தீங்களே, நல்ல பொடி, குத்தம் சொல்லமாட்டேன். ஆனா டப்பால பாதிதான் இருக்கும். மூணு பேரு உள்ள வீட்டுல பத்து நாளுல தீருமா? நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு எத்தனை பல்லு?" மேடம் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள், கையில் இருந்த பலகை மாதிரிச் சாமானில் விரலால் தட்டினாள். "ஒரு தடவை மட்டுமா, தொடர்ந்தாம்மா?" "தொடர்ந்து அஞ்சாறு டப்பா. கம்பெனி செய்யாதுன்னு எனக்குத் தெரியும். கடைக்காரன் வேலை. தங்கபாண்டின்னு பேரு, எங்க தெருமுனையில கடை." மேடம் எழுதினாள். தங்கபாண்டி என்று அண்ணாச்சியின் பேர் அந்தப் பலகைக்குள் ஏறுவதைப் பிரம்மசக்தி பக்கத்திலிருந்து பார்த்தாள், ஒவ்வொரு எழுத்தாய். "இது சீரியஸான விஷயம்மா. நல்லவேளை சொன்னீங்க. நான் இன்னைக்கே ஏரியா மேனேஜருக்கு அனுப்பிடறேன். விசாரிச்சுட்டு அந்தக் கடைக்கு எங்க சரக்கு எதுவும் போகாம நிறுத்திடுவாங்க." "நிறுத்துங்க" என்றாள் சண்முகக்கனி, இந்தச் சொல்லுக்காக நடந்த நடையெல்லாம் அவள் முகத்தில் ஆறியது.

சரக்கு எதுவும் போகாது. சோப்புப் போகாது, பேஸ்ட் போகாது, சேமியா போகாது. அந்தச் சின்னக் கடையில் முன்வரிசை முழுக்க இந்தக் கம்பெனி சாமான்தானே, அதை எடுத்தால் பின்னால் புளியும் வத்தலும் அண்ணாச்சியும்தான் மிச்சம், யார் போவார்கள், கேட்டால் அளவில் ஏமாற்றினான் என்று ஊரே பேசும், அந்த மனுஷர் எடை போடும்போது தட்டு தாழ்ந்த பிறகும் நாலு பருப்பை உதிரியாய்ப் போடுகிறவர், அவருக்கா இந்தப் பேர். வாயில் கரைந்தது ஒரு உள்ளங்கை, அது அங்கே போய் ஒரு கடையைக் கரைக்குமா. சொல்லு. எப்படிச் சொல்வது, பதினொரு பேர், செல்போன், அத்தை. அத்தை நடுக்கடையில் வைத்து ஏசியது பொய்யாகும், அத்தை இப்போது பத்துப் பேர் முன்னால் சொன்னது பொய்யாகும், அத்தை பொய்யானால் வீட்டில் அடுப்பு எரியுமா, மகனுக்குப் போன் போகும், அம்மா வீட்டுக்குப் போன் போகும், உன் மக பல்பொடி தின்னுருக்கா என்று, அம்மா என்ன சொல்வாள், சின்னப்பிள்ளையிலேயே மண்ணு தின்னவதான் என்று மானத்தை முழுசாய் வாங்குவாள். அத்தை சொன்னதுதான் எனக்கும் என்று சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடும். நீளச் சேமியா என்று சொன்னால்? நாலு வருஷமாய் நீளச் சேமியாதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

"சிஸ்டர், நீங்க?"

கால் மரத்திருந்தது, அதனால் எழ முடியவில்லை. எழ முடிந்திருந்தால் போயிருப்பாள். "பாதி இல்ல" என்று ஒரு சத்தம் கேட்டது. தன் சத்தம்தான்.

"சாரி சிஸ்டர், கேக்கல. கொஞ்சம் சத்தமா?"

"டப்பால பாதி இல்ல மேடம். முழுசா இருந்துச்சு. கழுத்துவரைக்கும் இருந்துச்சு. அண்ணாச்சி ஒண்ணும் செய்யல. நான் தின்னுட்டேன்."

எட்டாவது நாற்காலிப் பக்கம் கழுத்து திரும்பவில்லை, அந்தப் பக்கம் அடுப்புப் பக்கம் மாதிரி அனல் அடித்தது. "அப்படின்னா... பல் தேய்ச்சுட்டு மிச்சத்தை முழுங்கிடுவீங்களா?" என்றாள் மேடம். "இல்ல மேடம். பல்லு தேய்க்கது வேற. பல்லு தேய்க்க எனக்கு உப்பு போதும், இதப் போட்டுத் தேய்ச்சு வீணாக்க மனசு வராது." "டப்பாவிலேயே போட்டிருக்குமே சிஸ்டர், விழுங்கக் கூடாதுன்னு." "படிச்சேன் மேடம். அதான் விழுங்க மாட்டேன். கரைய விடுவேன்." ரஹ்மத் அக்காதான் முதலில் வெடித்தாள், சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, டீச்சர் மறுபடியும் எழுந்து நின்றுகொண்டு, "மேடம், நான் சாக்பீஸ். ஆரம்பத்துலதான். இப்ப விட்டுட்டேன்" என்றாள், அந்த ஒல்லிப் பெண் தலை குனிந்தபடியே, "எனக்குப் பூச்சட்டி ஓடு" என்றாள். பிரம்மசக்திக்கு அதெல்லாம் தூரத்தில் கேட்டது. "அந்தப் பேரை எடுத்திருங்க மேடம்" என்றாள். "எந்தப் பேர்?" "அண்ணாச்சி பேரு. நீங்க எடுக்கத நான் பாக்கணும்." இந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை நாள். மேடம் பலகையைத் திருப்பிக் காட்டினாள், விரலால் ஒரு தட்டு தட்டினாள், தங்கபாண்டி மறைந்தார். "அப்புறம் மேடம், அந்த உப்புமா நல்லா இல்ல. தலையாட்டிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. ரவையை வறுக்கவே இல்ல அதுல" என்றாள், அது எதற்கு அப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, திறந்த கதவு வழியாக நிற்காமல் வந்துவிட்டது.

படியிறங்கும்போது வெளியே சாரல். சண்முகக்கனி ஒரு வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள், பிரம்மசக்தி இடுப்பில் பிள்ளையும் கையில் இன்னொரு வாளியுமாய்ப் பின்னால், கால் இன்னும் பாதிதான் தன்னுடையது, ஊசி ஊசியாய்க் குத்துகிறது. ஏசினால் தேவலை, ஏச்சுக்கு ஒரு முடிவு உண்டு, பேசாமல் நடக்கிற முதுகுக்கு முடிவே இல்லை. போன் எடுக்கிறாளா என்று பார்த்தாள், எடுக்கவில்லை. பேருந்து நிலையம் தாண்டியது, தேர் நிறுத்துகிற இடம் தாண்டியது. தன்ஷிகா முழித்துக்கொண்டு வாளி மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள், யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பெட்டியைக் கட்டு என்பாளோ, இல்லை பேசாமலே இருந்து பேசாமலே இருந்து வருஷக்கணக்காய்ப் பேசாமலே இருந்துவிடுவாளோ, அவளுக்குச் சபதம் பழக்கம்தானே, அண்ணாச்சிக்கு நாலு வருஷம் என்றால் மருமகளுக்கு எத்தனை. சொன்னது தப்பா என்று நினைத்துப் பார்த்தாள். பயம் இருந்தது, ஆனால் தப்பு என்று மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

தெரு பிரிகிற இடம் வந்தது. நேராய்ப் போனால் தங்கபாண்டி அண்ணாச்சி கடை, அதைத் தாண்டினால் நாலாவது வீடு அவர்களுடையது. இடது பக்கம் திரும்பினால் மேலத்தெரு சுற்றி. சண்முகக்கனி நின்றாள். நேர்த் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடைப்பலகையில் அண்ணாச்சி உட்கார்ந்து யாருக்கோ பொட்டலம் மடிப்பது சாரலுக்குள் சின்னதாய்த் தெரிந்தது.

"நாலு வருசமா உப்புக்கும் புளிக்கும் ஊரைச் சுத்துதேன்" என்றாள், திரும்பாமல். "என் முட்டு தேஞ்சதுக்கு டாக்டர் வயசுன்னு சொன்னான். வயசு இல்லட்டி. நீதான்."

"ஆமாத்தை" என்றாள் பிரம்மசக்தி.

"சத்தமாச் சொல்லு. அங்க மேடத்துக்கிட்ட மட்டும் சத்தம் வருது."

"ஆமாத்தை!"

"ம்." வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். "அந்த மனுசன்கிட்ட நான்தான் போய்ச் சொல்லணும். நீ ஒண்ணும் பேசாத, நீ பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்ட. ஆனா இன்னைக்கே நேராப் போனா என்னவோ ஏதோன்னு ஆயிரும். ரெண்டு நாளு போகட்டும். அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்குத மாதிரி போய், சில்லறை வாங்கும்போது சொல்லிக்கிடுதேன்." சொல்லிவிட்டு இடது பக்கம் திரும்பி மேலத்தெருவிலேயே நடந்தாள். பிரம்மசக்தியும் திரும்பினாள். பத்தடி போனதும் அத்தையின் நடை மெதுவானது, முட்டு வலிதான் என்று நினைத்தாள், முட்டு வலி இல்லை, இவள் பக்கத்தில் வந்து சேரட்டும் என்று மெதுவானது. தெருவில் முன்னும் பின்னும் ஆள் இருக்கிறதா என்று சண்முகக்கனி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஏட்டி. அது எப்படி இருக்கும், ருசி?"

பிரம்மசக்திக்கு முதலில் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகமாயிருந்தது. பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தாள், ஏச்சு இல்லை, கேலி இல்லை, கடையில் புதுப் பண்டத்தைப் பார்க்கிற முகம். "முதல்ல ஒண்ணும் தெரியாதுத்தை" என்று ஆரம்பித்தாள், "சும்மா மாவு மாதிரித்தான் இருக்கும், நாக்குல ஒட்டும். ஏமாந்துட்டோமோன்னு தோணும். பிறகு ஓரத்துல இருந்து கிராம்பு லேசா எட்டிப் பாக்கும், அது போறதுக்குள்ள ஒரு குளிர்ச்சி..." சொல்வதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தது, மூச்சு வாங்கியது.

"மெதுவாச் சொல்லு" என்றாள் சண்முகக்கனி. "வீடு வர இன்னும் தூரம் கிடக்கு."